இடது மார்பு எந்தப் பக்கம்? ஆடை வடிவமைப்புக் கருவி ஒன்றை உருவாக்கிய அனுபவம்

எங்களுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் 40 டி-ஷர்ட்டுகள். மார்பின் ஓரத்தில் சிறியதாக ஒரு சின்னம், முதுகில் பெயர், அவ்வளவுதான். வாடிக்கையாளர் எங்கள் இணையக் கருவியில் ‘இடது மார்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். திரையில் இருந்த சட்டைப் படத்தின் இடப்பக்கத்தில் சின்னம் வந்து அமர்ந்தது. அவரும் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தார். அச்சகத்துக்குப் போன வேலைச்சீட்டில் ‘இடது மார்பு, 9 செ.மீ. அகலம்’ என்று மட்டும் இருந்தது. அச்சுத் தொழிலில் இடது என்றால் சட்டையை அணிந்திருப்பவரின் இடது, அதாவது இதயம் இருக்கும் பக்கம். அவர்கள் அப்படியே அச்சிட்டுக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் கைக்குப் போன 40 சட்டைகளிலும் சின்னம் அவர் திரையில் பார்த்ததற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

படத்தை நம்பிய வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, சொல்லை நம்பிய அச்சகத்தின் மீதும் தவறில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த நிரலை எழுதியவன் நான். சட்டைகளைத் திரும்ப அச்சிட்ட செலவைக் காட்டிலும், இத்தனை மாதம் வேலை செய்தும் சட்டையைத் திரையில் இருக்கும் ஒரு படமாகவே நான் பார்த்துவந்திருக்கிறேன், ஒருவர் உடம்பில் இருக்கும் பொருளாக ஒருநாளும் பார்க்கவில்லை என்பதுதான் அதிகம் உறுத்தியது. அதன் பிறகு வாடிக்கையாளர் பார்க்கும் திரையிலிருந்து இடது, வலது என்ற சொற்களையே எடுத்துவிட்டோம். எங்கே வேண்டுமோ அந்த இடத்தை அவர் படத்திலேயே தொட்டுக் காட்டுகிறார். நிரலுக்குள் அது ‘அணிபவரின் இடது’ என்று முழுப்பெயரோடு பதிவாகிறது. வேலைச்சீட்டில் சொல்லோடு ஒரு சிறு படமும், காலரின் நடுப்புள்ளியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் கீழே, எத்தனை சென்டிமீட்டர் பக்கவாட்டில் என்ற அளவும் அச்சாகின்றன.

நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறிய குழு. சட்டையைத் தேர்ந்தெடுத்து, படத்தைப் பதிவேற்றி, பெயரோ வாசகமோ எழுதி, சட்டையின் மீது அது எப்படித் தெரியும் என்று பார்த்து ஆர்டர் கொடுக்கும் கருவி ஒன்றை உருவாக்கும் வேலை எங்களிடம் வந்தது. திரை வடிவமைப்பு முழுவதும் என் பொறுப்பு. நிரலிலும் பாதி நான் எழுதியது. இதே போன்ற வேலையைத் தொடங்குபவர்களுக்குச் சில இடங்களிலாவது கையைச் சுடாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அச்சகத்தில் கழித்த இரண்டு நாட்கள்

வேலை தொடங்கி நான்காவது மாதத்தில்தான் நான் அச்சகத்துக்குப் போனேன். முதல் வாரத்திலேயே போயிருக்க வேண்டும். அதுவரை எங்கள் கருவி எல்லா ஆடைக்கும் ஒரே வண்ணப் பலகையையும், ஒரே நிழல் விளைவுகளையும், ஒரே எழுத்தளவையும் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே போய்ப் பார்த்தால், ‘பிரிண்ட்’ என்று நாங்கள் ஒற்றைச் சொல்லில் சொல்லிவந்த வேலை நான்கைந்து வெவ்வேறு தொழில்களாக நடந்துகொண்டிருந்தது.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டகம் தயாரிக்க வேண்டும். அதனால் இரண்டு நிறச் சின்னத்தை 500 சட்டைகளில் அச்சிடுவதற்கு அது மிகவும் ஏற்றது. ஒரே ஒரு சட்டையில் குழந்தையின் புகைப்படத்தை அச்சிட அது உதவாது. நேரடியாகத் துணியின் மேல் மை தெளிக்கும் டிடிஜி எந்திரம் புகைப்படத்தை நன்றாகவே அச்சிடும். ஆனால் கறுப்புத் துணியாக இருந்தால் முதலில் ஒரு திரவத்தைத் தெளித்து, சூட்டில் அழுத்தி உலர்த்தி, அதன்மேல் வெள்ளை மையை ஓர் அடித்தளமாக இட்டு, அதற்கு மேல்தான் நிறங்களை இட வேண்டும். டிடிஎஃப் முறையில் படத்தைப் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, பசைப்பொடி தூவி, உருக்கி, பிறகு ஹீட் பிரஸ் என்ற சூட்டோடு அழுத்தும் எந்திரத்தில் துணியின் மேல் ஒட்டுகிறார்கள். சப்ளிமேஷனில் சாயம் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்துவிடும். அதில் வெள்ளை மை என்பதே கிடையாது என்பதால் வெளிர்நிறத் துணியில் மட்டுமே எடுபடும், பருத்தியில் நிற்கவே நிற்காது. எம்பிராய்டரிக்கு இவை எதுவும் பொருந்தாது. அங்கே நிறம் என்பது நூல்கண்டு, கோடு என்பது தையல்.

இரண்டாம் நாள் மாலை எந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தவர் ஒரு கறுப்புச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தார். எங்கள் கருவியில் வடிவமைக்கப்பட்டதுதான். எழுத்துகளைச் சுற்றி மெல்லிய நிழல் படர வேண்டும் என்பது வடிவமைப்பு; திரையில் அது மிக அழகாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சட்டையில் எழுத்துகளைச் சுற்றிச் சாம்பல் பூத்தது போல ஒரு வெளிறிய வளையம் இருந்தது. “உங்களுக்கு இது நிழல் தம்பி. என் மெஷினுக்கு இது பாதி வெள்ளை மை” என்றார். பாதி ஒளிபுகும் ஒவ்வொரு பிக்செலின் அடியிலும் எந்திரம் வெள்ளை அடித்தளத்தைப் போட்டிருந்தது. நிழல் என்று நான் கொடுத்த பொத்தான், கறுப்புத் துணியில் எதிர்மாறான வேலையைச் செய்துகொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் அடர்நிறத் துணிகளுக்கு நிழல், ஒளிவட்டம் ஆகிய பொத்தான்களை நீக்கினோம். படங்களின் விளிம்பில் இருக்கும் பாதி ஒளிபுகும் பிக்செல்களையும் முழுமையாக இருக்கும் அல்லது இல்லாமலே போகும்படி மாற்றினோம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: சிறிய படத்தில் இதைச் செய்துவிட்டுப் பெரிதாக்கினால் விளிம்பு ரம்பப்பல் போல ஆகிவிடும், அச்சளவுக்கு, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்செல் என்ற அளவுக்குப் பெரிதாக்கிய பிறகே செய்ய வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து ஒரு வாரத்தை நாங்கள் வீணாக்கினோம்.

இன்னொரு மாற்றம் கேள்விகளைப் பற்றியது. முதல் வடிவத்தில் ‘டிடிஜியா, டிடிஎஃபா, ஸ்கிரீன் பிரிண்டா’ என்று வாடிக்கையாளரிடமே கேட்டிருந்தோம். அவருக்கு அது எப்படித் தெரியும்? எத்தனை சட்டைகள், என்ன துணி, என்ன நிறம், புகைப்படம் இருக்கிறதா என்பவை அவருக்குத் தெரிந்த விஷயங்கள். அவற்றை மட்டும் கேட்டு, பொருந்தும் அச்சு முறையைக் கருவியே தீர்மானித்து, அந்த முறையால் இயலாதவற்றைத் திரையிலிருந்து விலக்கிவிட வேண்டும். செய்ய முடியாத ஒன்றைப் பொத்தானாகக் காட்டிவிட்டு, ஆர்டர் கொடுத்த மறுநாள் தொலைபேசியில் ‘இது வராதுங்க’ என்று சொல்வதைப் போல வாடிக்கையாளரின் உற்சாகத்தைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை.

வெள்ளைப் பின்னணியோடு வரும் சின்னங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதிப்பேராவது, ஒளிபுகும் பின்னணி வைக்க முடியாத ஜேபெக் கோப்பைத்தான் பதிவேற்றுவார்கள். வெள்ளைச் சட்டையில் அந்தப் பின்னணி கண்ணுக்குத் தெரியாது. சட்டை நிறத்தை நீலமாக மாற்றியதும் சின்னத்தைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி எழுந்து நிற்கும். ‘வெள்ளையை நீக்கு’ என்று ஒரு பொத்தான் வைத்தோம். அது பின்னணியோடு சேர்த்து ஒரு நாயின் கண்வெள்ளை, பற்கள் ஆகியவற்றையும் நீக்கி, அந்த நாயை ஒரு பேயாக்கியது. படத்தின் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் வெள்ளையை மட்டும் நீக்கும்படி திருத்திய பிறகு நாய்க்குக் கண் திரும்பியது.

பிக்செலும் மில்லிமீட்டரும்

முதல் வடிவத்தில் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் அளவையும் திரைப் பிக்செலில் சேமித்தோம். கைப்பேசியில் வடிவமைத்த சின்னம் ஓர் அளவிலும், அதே சின்னத்தை மடிக்கணினியில் திறந்து லேசாக நகர்த்திச் சேமித்தால் வேறோர் அளவிலும் அச்சாயின. எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றினோம். காலரின் நடுப்புள்ளிதான் தொடக்கம். அங்கிருந்து கீழே, பக்கவாட்டில், அகலம், உயரம், சாய்வு. திரை எதுவாக இருந்தாலும் அது வெறும் சன்னல்தான். இந்த ஒரு முடிவை முதல் நாளே எடுத்திருந்தால் இரண்டு மாத வேலை மிச்சமாகியிருக்கும்.

படத்தின் தரத்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்பதிலும் தடுமாறினோம். 1,200 பிக்செல் அகலமுள்ள படத்தை 30 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்செல்தான் கிடைக்கும்; அது மங்கலாகத்தான் இருக்கும். ‘குறைந்த தரம்’ என்று சிவப்பில் எச்சரிக்கை காட்டினோம். யாரும் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் அவர்களுடைய கைப்பேசித் திரையில் படம் தெளிவாகத்தானே இருக்கிறது. பிறகு எச்சரிக்கையை எடுத்துவிட்டு இரண்டு காரியம் செய்தோம். படத்தில் முகம் இருக்கும் பகுதியை, அச்சில் வரப்போகும் அளவுக்குப் பெரிதாக்கித் திரையில் காட்டினோம். அதன் கீழே, ‘இந்தப் படத்தை 20 செ.மீ. அகலம் வரை தெளிவாக அச்சிடலாம்’ என்று எழுதினோம். அங்குலத்துக்கு 150 பிக்செல் என்பதை எங்கள் கீழ் எல்லையாக வைத்துக்கொண்டு கணக்கிட்ட அளவு அது. குறையைச் சொன்னபோது கேட்காதவர்கள், எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்று சொன்னபோது கேட்டார்கள். பெரும்பாலானோர் தாங்களாகவே படத்தைச் சுருக்கினார்கள்.

இனி, என்னை மூன்று இரவு தூங்கவிடாத ஒரு கதை. அச்சுக்கான கோப்பை முதலில் வாடிக்கையாளரின் உலாவியிலேயே உருவாக்கி அனுப்பிவந்தோம். அச்சுப் பரப்பு 30 × 40 செ.மீ.; 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்செல் என்ற கணக்கில் 3,543 × 4,724 பிக்செல். எல்லாம் ஒழுங்காக ஓடியது. பெரிய அளவுச் சட்டைகளுக்காகப் பரப்பை 32 × 42 ஆக உயர்த்தியதும், சில ஆர்டர்களில் வெற்றுக் கோப்புகள் வரத் தொடங்கின. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. திறந்தால் வெறும் வெறுமை. எல்லாமே ஐபோனிலிருந்து வந்த ஆர்டர்கள் என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது. ஐபோன்களின் சஃபாரி உலாவி அப்போது ஒரு கேன்வாஸுக்கு (உலாவிக்குள் நிரல் படம் வரையும் பலகை) அனுமதித்த உச்சப் பரப்பு 4,096 × 4,096, அதாவது 1,67,77,216 பிக்செல். அதைத் தாண்டினால் அது எதுவும் சொல்லாமல் வெற்றுப் படத்தைக் கொடுத்துவிடும். எங்கள் பழைய பரப்பைப் பெருக்கிப் பார்த்தேன்: 1,67,37,132. இத்தனை நாளும் வெறும் 40,084 பிக்செல் இடைவெளியில், கிணற்றின் விளிம்பிலேயே நடந்துவந்திருக்கிறோம். கிணறு இருப்பதே தெரியாது.

அன்றிலிருந்து உலாவிக்குக் காட்டும் வேலை மட்டும்தான். எந்தச் சட்டை, எந்தப் படம், எந்த எழுத்து, எத்தனை மில்லிமீட்டர் என்ற விவரப் பட்டியலை மட்டும் அது அனுப்பும். அச்சுக்கோப்பைச் சர்வர் உருவாக்கும். இதுவே சரியான வழி என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒரே வடிவமைப்பை இரண்டு வெவ்வேறு நிரல்கள் வரைகின்றன என்றால், அவை இரண்டும் ஒன்றையே வரைகின்றனவா என்று ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை. கைப்பேசிப் புகைப்படங்களில் எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பு தனியாகப் பதிவாகியிருக்கும். உலாவிகள் 2020 வாக்கில் அதைத் தாமாகவே மதித்துப் படத்தை நிமிர்த்திக் காட்டத் தொடங்கிவிட்டன, எங்கள் சர்வரில் இருந்த பழைய நிரலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு) மதிக்கவில்லை. திரையில் நின்றுகொண்டிருந்த தாத்தா சட்டையில் படுத்துவிட்டார்.

தமிழ் எழுத்துகளோடு பட்ட பாடு

அந்தப் பொருந்தாமை மிகக் கடுமையாகத் தெரிந்த இடம் எழுத்துதான். உலாவியில் தமிழ் அழகாகவே தெரியும், ஏனென்றால் எழுத்துகளை உரிய வரிசையில் கோர்த்து வடிவம் கொடுக்கும் வேலையை அதற்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகம் செய்துவிடுகிறது. சர்வரில் நாங்கள் பயன்படுத்திய பிடிஎஃப் நிரலகத்துக்கு அந்த அறிவு கிடையாது. ‘கோகிலா’ என்ற பெயரில் இரட்டைக் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அந்த ஆர்டர் போன அச்சகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவர்களுக்கு அது ஏதோ ஒரு வடிவம், கோப்பில் இருப்பதை அப்படியே துணியில் ஏற்றினார்கள். பிறந்தநாள் பரிசாகப் போன சட்டை அது.

இப்போது ஹார்ஃப்பஸ் வழியாக எழுத்துகளை அமைத்து, வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுக்கும் அந்தக் கணத்திலேயே அவற்றை வெறும் கோட்டுருவமாக மாற்றிச் சேமித்துவிடுகிறோம். அவர் பார்ப்பதும் அந்தக் கோட்டுருவத்தின் படத்தைத்தான். இதனால் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. ஒருமுறை எழுத்துருவின் புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றியதும், வரிசையில் காத்திருந்த பழைய ஆர்டர்களில் சில பெயர்கள் அரை சென்டிமீட்டர் நீண்டு விளிம்பைத் தாண்டின. ஒப்புதலுக்குப் பிறகு எழுத்து எழுத்தாக இருக்கவே கூடாது.

வளைவாக எழுதும் வசதி அடுத்த சோதனை. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வளைவின் மேல் நிறுத்துவதுதான் அதன் முறை. கணினி ‘கோ’வை ‘க’, ‘ோ’ என்று இரண்டு யுனிகோடு குறிகளாகச் சேமிக்கிறது; எங்கள் நிரல் அந்தக் குறிகளை எழுத்துகளாக எண்ணிப் பிரித்ததால், கால்களும் கொம்புகளும் புள்ளிகளும் தனித்தனியே சிதறி, புள்ளிபோட்ட வெற்று வட்டங்களின் மேல் தொங்கின. இப்போது உலாவிகளிலேயே எழுத்துக் கூறுகளைப் பிரித்துத் தரும் செக்மென்டர் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ‘கோ’, ‘கி’, ‘லா’ என்று ஒழுங்காகப் பிரியும். ஆனால் அதுவும் ‘க்ஷ’வை ‘க்’, ‘ஷ’ என்றும் ‘ஸ்ரீ’யை ‘ஸ்’, ‘ரீ’ என்றும் இரண்டிரண்டாக உடைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நாங்கள் தனி விதி எழுதியிருக்கிறோம். எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டும் வசதிக்கும் அதே விதிதான்.

எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதில் செய்த தவறு இன்னும் நுட்பமானது. முதுகில் எழுதும் பெயருக்கு 12 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தோம். ‘கோபாலகிருஷ்ணன்’ என்ற பெயருக்குத் தமிழ்க் கணக்கில் எட்டு எழுத்துதான். கணினியின் கணக்கில் 14 குறிகள். பன்னிரண்டோடு வெட்டினால் கிடைப்பது ‘கோபாலகிருஷ்ண’. பாதியில் அறுந்தது போலத் தெரிந்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். இதுவும் ஒரு பெயர் போலவே இருந்ததால் எங்கள் சரிபார்ப்பு, அச்சகம், பொதி கட்டுபவர் ஆகிய எல்லாரையும் தாண்டி, பெயருக்கு உரியவர் கையில்தான் அது பிடிபட்டது. எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டோம். எழுதியது எத்தனை மில்லிமீட்டர் நீளம் வருகிறது என்று அளந்து, பரப்புக்குள் அடங்கும்வரை அளவைக் குறைத்து, படிக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிவிட்டால் மட்டும் இரண்டு வரியாக எழுதச் சொல்கிறோம்.

எம்பிராய்டரியில் தமிழுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு தையல் வரியின் தடிமனே சுமார் 0.4 மி.மீ. இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 5 மி.மீ. உயரத்தில் ஓரளவு தெளிவாக வந்துவிடும். அதே உயரத்தில் ‘ணி’யின் சுழிகள் நூலால் அடைபட்டு ஒரு கட்டியாகிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி துணிக்குள் புதைந்து காணாமல் போய்விடும். புள்ளி போனால் ‘கண்ணன்’ என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழுக்குக் குறைந்தபட்ச உயரம் 10 மி.மீ. என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். புள்ளியை எழுத்துருவில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவும் எழுத்திலிருந்து சற்று விலக்கியும் தைக்கச் சொல்கிறோம்.

‘கௌதம்’ என்ற பெயரைப் பலர் ‘ள’கரம் போட்டுக் ‘கெளதம்’ என்று தட்டெழுதுகிறார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரிந்தாலும், வளைவாக எழுதினால் அந்த ‘ள’ தனி எழுத்தாகப் பிரிந்து நகர்ந்துவிடும். தானாகத் திருத்திவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் என்பது அவரவருடையது, அதை எப்படி எழுதுவது என்பதும் அவரவருடைய உரிமை. கருவி இரண்டு வடிவத்தையும் பெரிதாக்கிக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறது. கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் சரியானதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்காகக் கேட்காமலே மாற்றிவிடலாம் என்று நான் இன்னும் நினைக்கவில்லை.

எழுத்துருக்களைச் சேர்க்கும்போது உரிமத்தைப் படித்துவிடுங்கள். இலவசமாகப் பதிவிறக்க முடிகிறது என்பதாலேயே, விற்பனைக்கான ஆடையில் அச்சிடவும் அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றில் அந்தக் கவலை இல்லை.

நிறமும் மாதிரிப் படமும்

நிறத்தைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான். சுருக்கமாகச் சொன்னால், திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி மையால் நிறம் காட்டுகிறது, பளீரென்ற நீலமும் கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வராது. நாங்கள் 24 நிறங்களை வெள்ளைத் துணியிலும் கறுப்புத் துணியிலும் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, துணியில் தெரிவதற்குப் பக்கத்தில் வரும்படி திரை நிறத்தை மங்கலாக்கிச் சரிசெய்தோம். விற்பனையைக் கவனிப்பவருக்கு இது பிடிக்கவில்லை. கருவி களையிழந்து தெரிகிறது என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கோடிக்கணக்கான நிறங்களைத் தேர்ந்தெடுக்கும் வட்டத்தை ‘மேலும்’ என்பதற்குள் வைத்து, அங்கே எந்த நிறத்தைத் தொட்டாலும் துணியில் வரக்கூடிய நிறத்தைப் பக்கத்திலேயே காட்டுவது என்று சமரசம் செய்துகொண்டோம்.

மாதிரிப் படத்தில் எனக்கு நானே தோண்டிக்கொண்ட குழி ஒன்று உண்டு. சட்டையின் மடிப்பும் நிழலும் வடிவமைப்பின் மேல் விழுந்து, அது துணியோடு சேர்ந்து வளைவது போல் காட்டும் நுட்பத்தில் மூன்று வாரம் செலவழித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தப் புகைப்படத்தின் அழகைப் பார்த்து மயங்கி வாடிக்கையாளர்கள் ஒப்புதல் கொடுக்கிறார்கள், எழுத்துப் பிழையைக்கூடக் கவனிப்பதில்லை என்று. மடிப்போடு கூடிய படம் இப்போதும் இருக்கிறது, ஆனால் தேடிப் பார்க்கும் பக்கத்தில் மட்டும். ஒப்புதல் கேட்கும் பக்கத்தில் மடிப்பும் நிழலும் இல்லாத தட்டையான வரைபடமும் சென்டிமீட்டர் அளவுகளும்தான். அந்தப் பக்கம் அழகாக இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

அளவைப் பற்றியும் மக்களுக்குக் கண்கணக்கு இருப்பதில்லை. 30 செ.மீ. என்று எழுதினால் யாருக்கும் உறைப்பதில்லை. அதன் பக்கத்தில் ஏ4 தாளின் எல்லைக்கோட்டை மெல்லியதாகக் காட்டத் தொடங்கியதும், ‘அடேயப்பா, இவ்வளவு பெரிசா’ என்று சுருக்கிவிடுகிறார்கள். குழுவாக வாங்கும்போது இது இன்னும் முக்கியம். நடுத்தர அளவில் அழகாகத் தெரியும் அதே 30 செ.மீ. வடிவமைப்பு, குழந்தைச் சட்டையில் அக்குளுக்குள் போய்விடும், மூன்று எக்ஸ்எல் சட்டையில் தபால்தலை போலத் தெரியும். ஆர்டரில் இருக்கும் மிகச் சிறிய சட்டையையும் மிகப் பெரிய சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறோம்.

பெயர்ப்பட்டியல்

நாங்கள் கற்பனை செய்த பயனர் தனக்கென ஒரு சட்டையை ரசித்து வடிவமைப்பவர். உண்மையில் வந்தவர்களில் பெரும்பங்கு, ஓர் அணிக்கோ ஒரு குடும்ப விழாவுக்கோ 40 பேரின் பெயரையும் அளவையும் கையில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று காத்திருந்தவர்கள். ஒவ்வொரு சட்டையாகத் திறந்து பெயர் தட்டெழுதும்படி அவர்களை நாங்கள் வதைத்தோம். ஒருவர் 31-ஆவது பெயரில் உலாவியைத் தவறுதலாக மூடிவிட்டார். அன்று தானியங்கிச் சேமிப்பும் எங்களிடம் இல்லை.

இப்போது விரிதாளிலிருந்து பட்டியலை நகலெடுத்து அப்படியே ஒட்டலாம். அதில் வரும் வெற்று வரிகள், பெயருக்குப் பின்னால் தொங்கும் இடைவெளிகள் முதலியவற்றை நிரல் துடைத்துவிடும். துடைக்க முடியாத பிழை ஒன்று இருக்கிறது: பெயர் நெடுவரிசையை மட்டும் அகரவரிசைப்படுத்திவிட்டு, அளவு நெடுவரிசையை அப்படியே விட்டுவிடுவது. பட்டியல் பார்க்க ஒழுங்காக இருக்கும். சட்டைகள் வந்ததும் ஒருவருக்கும் பொருந்தாது. இப்படி ஒரு முழு ஆர்டரே மாறிப்போன பிறகு, ஒவ்வொரு பெயரும் அதன் சட்டையின் மேல், அளவோடு சேர்த்துச் சிறு படங்களாக ஒரே பக்கத்தில் வரும்படி செய்தோம். அந்தப் பக்கத்துக்கு ஓர் இணைப்பும் உண்டு. அதைக் குழுவுக்கு அனுப்பி, அவரவர் பெயரை அவரவரே பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். தட்டெழுதியவர் கண்ணுக்குத் தெரியாத பிழை, பெயருக்கு உரியவர் கண்ணில் ஒரு நொடியில் பட்டுவிடுகிறது.

எதை எழுத அனுமதிப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வைத்துவிட வேண்டும். 2001-இல் ஜோனா பெரெட்டி என்பவர் நைக்கி நிறுவனத்தின் தனிப்பயன் காலணிச் சேவையில், குறைகூலிக்குக் கசக்கிப் பிழியும் தொழிற்கூடத்தைக் குறிக்கும் ‘ஸ்வெட்ஷாப்’ என்ற சொல்லைத் தன் காலணியில் எழுதக் கேட்டார், நிறுவனம் மறுத்தது, அந்த மின்னஞ்சல் உரையாடல் உலகம் முழுவதும் சுற்றியது. எங்கள் அனுபவம் அந்த அளவுக்குப் பெரிதில்லை. தகாத சொற்களைத் தடுக்க நாங்கள் எழுதிய வடிகட்டி, ஒரு நீண்ட பெயருக்குள் தற்செயலாக ஒளிந்திருந்த மூன்றெழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மூதாட்டியின் பெயரையே மறுத்துவிட்டது. வடிகட்டி இப்போது எதையும் மறுப்பதில்லை. சந்தேகப்பட்டால் மனிதர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பிவைக்கிறது.

இப்போது கைப்பகுதியில் அச்சிடும் வசதியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். நீண்ட கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பெயரை எழுதினால், எழுத்தின் தலை முன்பக்கம் பார்க்க வேண்டுமா, பின்பக்கம் பார்க்க வேண்டுமா? வலக்கைக்கும் இடக்கைக்கும் ஒரே விடையா? கையைத் தொங்கவிட்டால் ஒருவிதமாகவும் மடக்கினால் வேறுவிதமாகவும் தெரிகிறதே, எதை வைத்து முடிவுசெய்வது? இம்முறை திரையைத் திறப்பதற்கு முன்பே எட்டு மாதிரிச் சட்டைகளை அச்சிட்டு வாங்கிவிட்டேன். ஒரு வாரமாக நாங்கள் நால்வரும் அவற்றை மாற்றி மாற்றி அணிந்துகொண்டு வேலை செய்கிறோம். வேலைச்சீட்டில் அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. ‘இடது கை’ என்று மட்டும் எழுதப்போவதில்லை.